அமாவாசைக்கு அமாவாசை இறுகும் கியர்

கியர் விழவில்லை என்று என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டிகளில் பாதிக்குக் கியரில் கோளாறே இருப்பதில்லை. கோளாறு பெரும்பாலும் வண்டிக்காரரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். பல் மருத்துவர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், பள்ளி ஆசிரியை என்று பொதுமக்களிடம் அகப்பட்டுக்கொண்ட எவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வாய்த்தவர்கள் வாயோடு மட்டும் வருகிறார்கள். எனக்கு வாய்த்தவர்கள் வீட்டிலேயே ஸ்பேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில், கியர் பெட்டிகளைச் சோதிக்கும் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். மேலாளர் தவறாகக் கணக்குப் போட்டதை மேலாளரிடமே சொல்லும் கெட்ட பழக்கத்தால் ஊர் திரும்பினேன். செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில், இருசக்கர வாகனப் பட்டறை வைத்தேன். பக்கத்தில் பாஷா அண்ணனின் பஞ்சர் கடை. நிமிர்ந்து பார்த்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். ஆனால் நிமிர எங்கே விடுகிறார்கள்?

ஆள் வரட்டும்

பட்டறை திறந்த புதிதில் சிங்கவரத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போக வண்டி மறுக்கிறது என்பது புகார். முழங்கை வரை கிரீஸோடு, கையில் ஸ்பேனரோடு, கழற்றிப் போட்ட ஒரு இஞ்சினுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என் தலைக்கு மேலாகப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்கம்மா?" என்றார். நான்தான் என்றேன். நல்ல நகைச்சுவை என்பதுபோல் சிரித்தார்.

அவர் வண்டியைத் தள்ளிவந்த கடைசிச் சில அடிகளிலேயே பழுதைக் கண்டுகொண்டேன். கியர் மிதி வளைந்து இஞ்சின் மூடியில் உரசிக்கொண்டிருந்தது. எப்போதோ வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மிதியைக் கழற்றி, நிமிர்த்தி, பூட்டி, ஓட்டிக் காட்டினேன். கியர் ஒவ்வொன்றும் மிதித்ததும் விழுந்தது. அவர் எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார். பிறகு பாஷா அண்ணன் கடையிலிருந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, துண்டை உதறி, வசதியாக அமர்ந்துகொண்டு சொன்னார்: "ஆம்பள ஆள் யாருனா வர வரைக்கும் நான் இங்கியே குந்தியிருக்கறேன், நீ உன் வேலையப் பாரு கண்ணு."

செக்கு எண்ணெய்

கலையரசி வந்தது அதற்குப் பிறகு. பனமலைக்கு மருமகளாக வந்தவள்; மருந்தாளுநர் படிப்பு படித்தவள்; செஞ்சி கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அவள் வந்தால்தான் கடையில் மருந்து விற்க முடியும். ஊரிலிருந்து வரும் காலைப் பேருந்தோ கடை திறந்து வெகுநேரம் கழித்துத்தான் செஞ்சியை வந்தடையும். ஆகவே, வெளியூர் ஆலையில் வேலை பார்க்கும் கணவன் ஏழுமலை வீட்டில் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிளை அவளே ஓட்டி வரத் தொடங்கினாள். கியர் இறுகியதால் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். "வண்டி போச்சின்னா வேலையும் போயிடும்க்கா," என்றாள். அழவில்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்தது.

கூடவே கணவனின் தம்பி சுரேஷ் வந்திருந்தான். வேலை எதுவும் இல்லாதவன். கருத்துகள் நிறைய உள்ளவன். கிளட்ச் கேபிளைக் கழற்றினேன். உள்ளே எதையோ காய்ச்சி ஊற்றியதுபோல் பழுப்பு நிறப் பிசின் இறுகியிருந்தது. முகர்ந்தேன். பஜ்ஜிக் கடை வாசனை அடித்தது. வீட்டு நிலத்தில் விளைந்த மல்லாட்டையைச் செக்கில் ஆட்டி, அந்த எண்ணெயைச் சுரேஷ் தன் கையாலேயே கேபிளுக்குள் ஊற்றியிருக்கிறான், கியர் மிருதுவாகட்டும் என்று. நிலக்கடலை எண்ணெய் தோசைக்கு நல்லது. கேபிளுக்குள் போனால் புழுதியைச் சேர்த்துக்கொண்டு கோந்தாகும். இதை அவனுக்கு நான்கு வாக்கியங்களில் விளக்கினேன். நான்கையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "கொழந்தைக்கே குடுக்கறோம் மேடம், ஒண்ணும் ஆவல, கேபிளுக்கு இன்னா ஆயிடப் போவுது?"

உழவு மாட்டுக்கு ஊட்டச்சத்து

சுரேஷாவது படிக்காதவன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முயன்றேன். அந்தச் சமாதானத்தை அடுத்த வாரமே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உடைத்தார். காலையில் கியர் அசைவதே இல்லை, வெயில் ஏறினால் கொஞ்சம் இளகுகிறது என்றார். இஞ்சின் எண்ணெயைத் திறந்து விட்டேன். அது வழியவில்லை, யோசித்து யோசித்து இறங்கியது. மருமகனின் டிராக்டருக்கு வாங்கியதில் மீதமிருந்ததை ஊற்றியதாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்பது தவறு, அறிவித்தார்.

மோட்டார் சைக்கிளில் கிளட்ச் தட்டுகள் இஞ்சின் எண்ணெயிலேயே ஊறிக்கிடப்பவை. எண்ணெய் கனத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரியாத கிளட்ச்சோடு கியர் மாறாது என்றேன். கரும்பலகை இருந்தால் படமும் வரைந்திருப்பேன். வாழ்நாள் முழுவதும் பாடம் நடத்தியவர் என்பதால் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும், முதல் வரிசை மாணவியைத் தட்டிக்கொடுக்கும் கனிவோடு பதில் சொன்னார்: "டிராக்டர் அத்தினி பெரிய ஏர இழுக்குதே அந்த எண்ணெயில, இந்தச் சுண்டக்கா வண்டி அத விட ஒசத்தியாம்மா?"

தொலைபேசியில் ஒரு நோயறிதல்

கலையரசியின் வண்டிக்குப் புதுக் கேபிள் போட்டு அனுப்பியிருந்தேன். சில வாரம் நன்றாக ஓடியது. திடீரென்று மறுபடி இறுகியது. கேபிளின் தளர்வைச் சரிசெய்தேன், இளகியது. அடுத்த மாதம் மீண்டும் வந்து நின்றாள், கால் பெருவிரல் நகம் கறுத்து. இம்முறை இஞ்சினின் பக்கமூடியையே திறந்து கிளட்ச் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. குறையில்லாத வண்டி ஓடாமல் நிற்பதைப்போல் எரிச்சலூட்டுவது உலகில் வேறொன்றும் இல்லை; உங்கள் தொழிலிலும் அப்படி ஒன்று இருக்கும்.

அப்போதுதான் முகப்பு விளக்கின் மேல்மூடியில் ஒரு புதிய ஸ்டிக்கரைக் கவனித்தேன். சிவப்பில், சிறகு முளைத்த எழுத்துகளில், 'சுரேஷ்'. கலையரசி கீழே பார்த்தபடி சொன்னாள். ஏழுமலை வரும் அமாவாசைக்கு ஊருக்கு வருகிறான். குடும்பத்தோடு மேல்மலையனூர் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, வண்டியைத் தம்பியிடம் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. பெண் கால் கியருக்குத் தாங்காது என்று தம்பி சொல்லிச் சொல்லி அண்ணனும் நம்பிவிட்டான். வேலையை விட்டுவிடும்படி அவளுக்கும் சொல்லியாகிவிட்டது.

ஏழுமலைக்கு என் தொலைபேசியிலிருந்தே அழைத்தேன். பழுது வண்டியில் இருக்கிறது, உங்கள் மனைவியின் காலில் இல்லை, எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்றேன். ஆலை இரைச்சலுக்கு நடுவே அவன் மிகவும் மரியாதையாகவே பேசினான். இரண்டு முறை 'மேடம்' போட்டான். பிறகு, பன்னிரண்டு மணி நேரம் கன்வேயர் பக்கத்தில் நிற்பவனின் தொழில்நுட்பத் தெளிவோடு முடித்தான்: "கியர் ஹார்டா இல்ல மேடம், பொம்பளைங்க காலு சாஃப்ட்டு மேடம்."

கத்தரிக்கோல் எடுத்த குற்றம்

இஞ்சின் பக்கமூடியைத் திரும்பப் பூட்டிக்கொண்டே கலையரசியிடம், போன மாதம் எப்போது இறுகத் தொடங்கியது என்று கேட்டேன். "அமாவாச வரைக்கும் நல்லாத்தாங்க்கா இருந்திச்சி," என்றாள். அதற்கு முந்தைய மாதம்? அதுவும் அமாவாசைக்கு அடுத்த நாள். பாஷா அண்ணன் டயரைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, "கியருக்குக்கூட காத்து கருப்பு அடிக்குதா மேடம்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிளட்ச் பிடியைப் பார்த்தேன்.

இந்த வட்டாரத்தில் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு அமாவாசை என்பது வண்டியின் திருநாள். மலையனூர் போவார்கள், எலுமிச்சம்பழமும் கறுப்புக் கயிறும் வாங்குவார்கள், கண்ணேறு படாமலிருக்க வண்டியில் கட்டுவார்கள். பழைய கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள். காப்பை அவிழ்த்தால் காவல் போய்விடும். அதன் மேலேயே புதியது ஏறும். எல்லா வண்டியிலும் தொங்குவதால் எந்த வண்டியிலும் கண்ணில் படாத பொருள் அது. கலையரசியின் வண்டியில் அது சுற்றப்பட்டிருந்த இடம், கைப்பிடிக்கும் கிளட்ச் பிடிக்கும் நடுவே, பிடி மடங்கும் மூலையில். அந்த மூலையில் விரல் தடிமனுக்கு ஒரு தடை இருந்தால், பிடியின் நுனி பாதி தூரம்தான் வரும். கிளட்ச் பாதிதான் விடும். அது முழுதாக விடாமல் கியரை மிதித்தால், மிதி திருப்பி உதைக்கும். மாதாமாதம் கயிறு தடித்தது. மாதாமாதம் கியர் இறுகியது. நான் கேபிளைச் சரிசெய்ததெல்லாம், முந்தைய கயிற்றுக்கு இடம்கொடுத்த புண்ணியம் மட்டுமே.

கண்டுபிடித்த மகிழ்ச்சியில் கத்தரிக்கோலை எடுத்தேன். கலையரசி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கயிற்றைக் கட்டியவர் அவள் மாமியார் பச்சையம்மாள். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். மற்றவர் தொட்டால், அதன் பிறகு வண்டியில் சிறு கீறல் விழுந்தாலும் பழி மருமகள் மேல். வீட்டில் தான் சொன்னால் அவர் கேட்க மாட்டார் என்றாள். சரி, மாமியாரை இங்கே அழைத்து வா என்றேன். பால்மாடுகளை விட்டுவிட்டு அவர் செஞ்சிப் பக்கம் வருவதே அமாவாசைக்கு மட்டும்தானாம். அதாவது, வண்டி கைமாறும் அதே நாளில். அதுவரை வேலைக்கு எப்படிப் போவாய் என்றேன். அவள் பதில் சொல்லுமுன் குறுக்கிட்டது பக்கத்தில் நின்ற ஒரு புது மாப்பிள்ளை. அவனும் கியர் இறுகிய வண்டியோடுதான் வந்திருந்தான். என் கத்தரிக்கோல் எந்தத் திசையில் திரும்புகிறது என்பதைப் பார்த்துவிட்டு, தன் கிளட்ச் பிடியை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அலறினான்: "யக்கா, கேபிள வேணா அறுத்துக்க, கயித்தத் தொட்டுடாத!"

கறக்கிற கை

கேபிளில் மேற்கொண்டு சரிசெய்ய இடமில்லாததால், அன்று முதல் அமாவாசை வரை கலையரசி இடது கையின் வலுவையும் இடது காலின் வலியையும் நம்பி ஓட்டினாள். இரண்டாவது கியரிலேயே மெதுவாக வந்து சேர, இருட்டு பிரியுமுன் கிளம்பினாள். கடை திறக்கும் நேரத்துக்கு ஒரு நாளும் தவறவில்லை.

அமாவாசையன்று காலை மூவரும் வந்து இறங்கினார்கள். கலையரசி வண்டியை ஓட்டி வந்தாள். மாமியாரும் சுரேஷும் பேருந்தில் வந்தார்கள். ஏழுமலை நேராக மலையனூருக்கு வந்துவிடுவான். பச்சையம்மாளின் கையில் புதிய கயிறும் பழமும் ஏற்கெனவே தயாராக இருந்தன. சுரேஷின் தலையில் ஒரு புதிய ஹெல்மெட் இருந்தது. வண்டி இல்லாதவன் ஹெல்மெட் வாங்கியிருந்தான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பச்சையம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. சாமிக் கயிறாலயா கியரு வுழல?"

"சாமிமேல எனக்கு ஒரு புகாரும் இல்லம்மா. கட்டுன எடம் தப்பு."

"எங்க ஊர்ல எல்லாம் அங்கதான் கட்றோம்."

"அதனாலதான் உங்க ஊர்ல பாதிப் பேர் என்கிட்ட வர்றாங்க."

சுரேஷ் நடுவே புகுந்தான். "ம்மா, அதுங்கிட்ட இன்னா பேச்சு? அண்ணிக்கு ஓட்டத் தெரியல. பஸ்சுக்கு நேரமாவுது, வா."

தர்க்கம் செய்யும் ஆசையை அன்று நான் விழுங்கினேன். என் வாழ்வில் அது அபூர்வம். "இந்தப் பிடியைக் கடைசி வரைக்கும் அழுத்திக் காட்டுங்கம்மா, அப்புறம் நான் வாயே திறக்கல," என்றேன். பச்சையம்மாள் சிரித்தார். தினமும் விடியலில் நான்கு மாடு கறக்கிற கை அது. இடது கையால் பிடியைப் பற்றி அழுத்தினார். பாதியில் நின்றது. புருவத்தைச் சுருக்கி, மறுபடி அழுத்தினார். கயிறு நெரிந்ததே தவிர, பிடி வரவில்லை. இரண்டு கைகளாலும் அழுத்தினார். பிறகு விட்டுவிட்டு, விரல்களை உதறியபடி, மருமகளின் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரல் மடிப்புகளில் தோல் காய்த்திருந்தது.

"இத்தினி நாளு இதையாடி அழுத்திக்கினு வந்த?"

"ஆமா அத்த."

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னனே அத்த. காலு பலமில்லன்னு சொன்னீங்க."

அதை முதலில் தன் காதில் போட்டது யார் என்பது பச்சையம்மாளுக்கு நினைவு வந்தது. சுரேஷைத் திரும்பிப் பார்த்தார். அவன் கோட்டையைப் பார்த்தான். பச்சையம்மாள் முக்காலியை வண்டியருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாயில் ஏதோ முணுமுணுத்தபடி, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கத் தொடங்கினார். எண்ணெயும் குங்குமமும் ஏறி இறுகிப்போன முடிச்சுகள், பல்லாலும் கடித்தார். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. பாஷா அண்ணன் பஞ்சர் ஒட்டும் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தார்.

நான் கேபிளை மறுபடி சரியான தளர்வுக்குக் கொண்டுவந்து வண்டியைக் கிளப்பினேன். கலையரசியை உட்காரச் சொன்னேன். பிடியை அழுத்தினாள், அது கைப்பிடியைத் தொட்டது. செருப்புக் காலால் மிதியைத் தொட்டாள். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். திருவண்ணாமலை சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாம் விழுவது அங்கிருந்தே எனக்குக் கேட்டது. திரும்பி வந்தும் அவள் இஞ்சினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை.

"கயிற எங்கம்மா கட்றது?" என்று பச்சையம்மாள் கேட்டார், என்னிடம், முதல் முறையாக மரியாதையோடு. கிளட்ச், பிரேக் பிடிகளை விட்டு, வெளிச்சத்தை மறைக்காமல் எங்கு வேண்டுமானாலும் கட்டலாம் என்றேன். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். முகப்பு விளக்கின் மேல்மூடிக்கு முன்னால் நின்று, அந்தச் சிவப்பு எழுத்துகளை எழுத்துக்கூட்டி வாசித்தார். பழைய கயிறுகளையும் புதுக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்து, அந்தப் பெயரின் மேல் குறுக்காகச் சுற்றி, ஓரெழுத்தும் தெரியாதபடி இறுக்கி, நடுவில் எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிட்டார்.

"யம்மோவ், என் பேரு!" என்று கத்தினான் சுரேஷ்.

அவர் புடவையைக் கொசுவி இழுத்துச் செருகிக்கொண்டு, மருமகளுக்குப் பின்னால் ஏறி அமர்ந்தார். கையை நீட்டினார். சுரேஷுக்குப் புரியவில்லை. ஹெல்மெட்டைத் தானே அவன் தலையிலிருந்து கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். "உங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். வண்டி இவகிட்டதான் இருக்கும்," என்றார். கலையரசி முதல் கியரைப் போட்டாள். வண்டி நகரும்போது மாமியார் திரும்பி மகனிடம் சொன்னதை நான் வார்த்தை பிசகாமல் தருகிறேன்: "கண்ணு எங்கேர்ந்து வருதோ அங்கதான்டா கயிறு கட்டணும், நீ பஸ் புடிச்சி வா."

கியர் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பூட்ட எனக்கு அரை நாள் போதும், ஆனால் அதற்கு முன்னால் ஒரு குடும்பத்தைப் பிரித்துப் பூட்டவேண்டியிருக்கும் என்பதை நான் படித்த கல்லூரி கடைசி வரை எனக்குச் சொல்லவே இல்லை.